தொடாமல், வீடியோவிலேயே இடுப்புத்தளப் பயிற்சி கற்றுக்கொள்ள முடியுமா?

கோத்தகிரிப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிறீர்கள், வயது 37, இரண்டு சுகப்பிரசவம். இருமினால், தும்மினால், இலை மூட்டையைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. கோவையில் பார்த்த மகப்பேறு மருத்துவர் சோதித்துவிட்டு, இடுப்புத்தளத் தசைகளுக்குப் பிசியோதெரபி எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாராவாரம் மலை இறங்கிப் போய்வர உங்களால் முடியாது. வீடியோ அழைப்பிலேயே மூன்று மாதம் கற்றுத்தருவதாக ஒருவர் சொல்லிப் பணம் கேட்கிறார், இதை நம்பலாமா, கேமரா முன் மானம், மறைவு என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் சந்தேகம் இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: கண்ணுக்கும் தெரியாத, கையாலும் தொடாத ஒரு தசைக்கு, எங்கோ உட்கார்ந்திருப்பவர் எப்படிப் பயிற்சி கொடுக்க முடியும்?

நீலகிரியில் பல ஆண்டுகளாகப் பெண்களுக்கான பிசியோதெரபி செய்துவருகிறேன். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் தொலைபேசியில் தொடங்கியது, இன்றுவரை பாதி வேலையாக நீடிக்கிறது. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இருப்பது போன்ற கசிவுக்குத் தொலைவிலிருந்தே நல்ல சிகிச்சை கொடுக்க முடியும். ஆனால் சரியான தசைதான் சுருங்குகிறதா என்று ஒருமுறையாவது நேரில் ஒருவர் சோதித்திருக்க வேண்டும். அதனால் பணம் கட்டுவதற்கு முன் யோசித்துப் பாருங்கள்: கோவை மருத்துவர் உள்ளே விரல் வைத்துச் சோதித்தபோது, "இறுக்குங்கள், விடுங்கள்" என்று சொல்லிப் பார்த்தாரா? பார்த்திருந்தால் உங்கள் பாதி வேலை முடிந்துவிட்டது. கருப்பையையும் சிறுநீர்ப் பரிசோதனை முடிவையும் மட்டும் பார்த்து அனுப்பியிருந்தால், அந்த ஒரு சோதனை இன்னும் பாக்கி இருக்கிறது.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று சொல்கிறேன். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அடியிலிருந்து தாங்கும் இந்த இடுப்புத்தளத் தசைகள், முன்னால் அடிவயிற்றுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோல் விரிந்திருக்கின்றன. இருமும்போது வயிற்றுக்குள் எழும் அழுத்தம் இவற்றின் மேல்தான் இறங்குகிறது. நல்ல நிலையில் இருக்கும்போது இருமலுக்கு ஒரு கணம் முன்னதாகவே இவை தாமாக இறுகி, சிறுநீர்க் குழாயை மூடிக்கொள்ளும். குழந்தையின் தலை வெளியே வரும்போது இவை பல மடங்கு நீள்கின்றன. சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் இந்தத் தசைகளுக்கான பயிற்சியை எழுதி வெளியிட்டார். வாயால் சொல்லிக்கொடுத்தால் போதாது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. உள்ளே வைத்து அழுத்தத்தை அளக்கும் கருவி ஒன்றையும் கூடவே உருவாக்கினார். 1991இல் அமெரிக்காவில் 47 பெண்களுக்குச் சுருக்கமாக வாயால் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சோதித்தார்கள். சரியாகச் செய்தவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்தான். நான்கில் ஒருவர் கசிவை இன்னும் கூட்டக்கூடிய விதத்தில், அதாவது மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கிக்கொண்டிருந்தார்கள். கெகல் பயிற்சி வீடியோ ஒன்றைப் பார்த்து ஆறு மாதம் செய்தேன், பலனே இல்லை என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். அவர்களுடைய முயற்சியில் குறை சொல்ல முடியாது. தினமும் தவறாமல் தப்பாகச் செய்திருப்பார்கள்.

தொடாமல் கண்டுபிடிக்க ஓரளவு வழிகள் இருக்கின்றன. முதல் அழைப்பில் நான் செய்வதை அப்படியே சொல்கிறேன், உங்களுக்குக் கற்றுத்தருபவரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சாதாரண நைட்டியோ சுடிதாரோ அணிந்தபடி, ஒருக்களித்துப் படுக்கச் சொல்வேன். முழங்கால் இரண்டும் மடங்கி, நடுவில் ஒரு தலையணை. முகமும் வயிறும் மட்டும் தெரியும்படி போனை வைத்தால் போதும். துணிக்கு மேலேயே, பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் நடுவில் உள்ள இடத்தில் நடுவிரலை வைத்துக்கொள்ளச் சொல்வேன். "சபையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், வாயு பிரியப் பார்க்கிறது, யாருக்கும் தெரியாமல் அடக்குங்கள். அப்படியே முன்பக்கம் சிறுநீரையும் அடக்குங்கள்." விரலிலிருந்து அந்த இடம் விலகி உள்ளே போகிறதா, விரலை வெளியே தள்ளுகிறதா? விலகினால் சரி. தள்ளினால் அவர் முக்குகிறார், உடனே நிறுத்திவிட வேண்டும். இதற்கிடையில் நான் பார்ப்பது முகத்தை. உதடு இறுகுகிறதா, மூச்சு நின்றுவிட்டதா, கழுத்து நரம்பு புடைக்கிறதா, வயிறு வெளியே உப்புகிறதா என்று பார்ப்பேன். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்வேன், எண்ணிக்கொண்டே மூச்சைப் பிடிக்க முடியாது. தொடையும் பின்பக்கமும் இறுகுகின்றனவா என்று இன்னொரு கையால் அவரையே தொட்டுப் பார்க்கச் சொல்வேன். கூச்சம் இல்லாதவர்கள் தனியாக இருக்கும்போது, கையைக் கழுவிவிட்டு ஒரு விரலைப் பிறப்புறுப்புக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். விரலைச் சுற்றி இறுகி, மேலே இழுப்பது தெரிய வேண்டும். இத்தனையும் செய்தபிறகு எனக்குக் கிடைப்பது நல்ல ஊகம், அவ்வளவுதான். நேரில் கைவைத்துப் பார்த்தால் கிடைக்கும் உறுதி அதில் கிடையாது. எந்தப் பக்கம் பலம் குறைவு, எத்தனை விநாடி தாங்குகிறது, தசை எலும்பிலிருந்து கிழிந்திருக்கிறதா என்பதெல்லாம் போனில் தெரியாது.

உறுதியாகத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். இந்தப் பயிற்சி பலன் தரும் என்பதில் சந்தேகமே வேண்டாம். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பில், இருமல், தும்மல் கசிவு உள்ள பெண்களில் பயிற்சி எடுத்த 100 பேரில் 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். எடுக்காதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 100க்கு 6 பேர். தொலைவிலிருந்து கொடுப்பதற்கும் ஆதாரம் உண்டு, ஆனால் அளவில் சிறியது. ஹாங்காங்கில் 2006இல் வெளியான ஆய்வில், வயதான பெண்கள் சமூகக் கூடத்தில் உட்கார்ந்து வீடியோ வழியாகச் செவிலியரிடம் கற்றார்கள். நேரில் போய்க் கற்றவர்களுக்குக் கிடைத்ததைப் போன்ற முன்னேற்றமே அவர்களுக்கும் கிடைத்தது. ஸ்வீடனில் 123 பெண்களைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், யாரையும் நேரில் சந்திக்காமல் செல்போன் செயலி மட்டும் வைத்து மூன்று மாதம் பயிற்சி செய்தவர்களுக்குக் கசிவு தெளிவாகக் குறைந்தது. இதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர நான் தயங்குகிறேன். தானே செயலியைத் தேடி இறக்கிப் படித்து, ஆய்வுக்குப் பெயர் கொடுக்கும் பெண்ணின் நாளும், விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, பிள்ளைகளை அனுப்பி, இலை எடுக்கப் போகும் பெண்ணின் நாளும் ஒன்றல்ல. கனடாவில் 60 வயதைத் தாண்டிய 362 பெண்களைக் கொண்டு நடத்திய 2020ஆம் ஆண்டு ஆய்வுதான் எனக்கு இன்னும் பயனுள்ளதாகத் தெரிகிறது. குழுவாகக் கற்றவர்களுக்கும் தனித்தனியாகக் கற்றவர்களுக்கும் ஓராண்டு கழித்து ஏறத்தாழ ஒரே பலன். ஆனால் குழுவில் சேர்க்கும் முன் ஒவ்வொருவருக்கும் தசையைச் சரியாகச் சுருக்கத் தனியே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதல் அடி நேரில், மற்றதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு ஹட்டியிலோ (படுகர் ஊர்), ஒரு லைன் வீட்டு வரிசையிலோ எட்டுப் பத்துப் பெண்கள் சேர்ந்து வாரம் ஒருமுறை செய்தால், தனியாகச் செய்பவர்களைவிட அவர்கள் விடாமல் செய்வார்கள் என்பது என் நம்பிக்கை.

சந்தேகத்துக்குரியவையும் உண்டு. உள்ளே வைத்துக்கொண்டு போனில் கோடு காட்டும் கருவிகளை இப்போது விற்கிறார்கள். விலையும் அதிகம். பிரிட்டனில் 600 பெண்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வகைக் கருவியோடு சேர்த்துப் பயிற்சி எடுத்தவர்களுக்கும் வெறும் பயிற்சி எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். இன்னொன்று, கசிவு நிறைய இருப்பவர்களுக்கு அறுவைச் சிகிச்சை கூடுதல் பலன் தருகிறது. நெதர்லாந்தில் 2013இல் மிதமான, கடுமையான கசிவு உள்ளவர்களை ஒப்பிட்டபோது, ஓராண்டு முடிவில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 100 பேரில் 91 பேரும் பிசியோதெரபியில் தொடங்கிய 100 பேரில் 64 பேரும் முன்னேற்றம் சொன்னார்கள். என் தொழில் பயிற்சி என்பதற்காக இதை மறைக்க மாட்டேன். பிசியோதெரபியில் தொடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்த ஓராண்டுக்குள்ளேயே அறுவைச் சிகிச்சைக்கு மாறினார்கள், அந்த 64இல் அவர்களும் அடக்கம். ஆனாலும் மற்ற பாதிப் பேர் கத்தியிடம் போகவில்லை என்பது சிறிய விஷயம் அல்ல. முயன்று பார்த்துவிட்டு அறுவைச் சிகிச்சைக்குப் போவதில் எந்த நஷ்டமும் இல்லை.

தொலைவிலிருந்து செய்யவே கூடாத நிலைகளும் உண்டு. உறவின்போதோ, மாதவிடாய்க் கப் வைக்கும்போதோ, உட்காரும்போதோ வலிக்கிறது என்றால் தசை பலவீனமாக இல்லாமல் அளவுக்கு மீறி இறுகிப்போயிருக்கலாம். அவருக்கு மேலும் மேலும் இறுக்கக் கற்றுக்கொடுத்தால் வலி கூடும். முதலில் தளர்த்தக் கற்க வேண்டும், அது யாருக்குத் தேவை என்பது கைவைத்தால்தான் தெரியும். சாயங்காலத்தில் அடியில் பாரமாக இருக்கிறது, குளிக்கும்போது கையில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்படுகிறது என்றால் அது இறக்கமாக இருக்கலாம், அதாவது கருப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே இறங்கியிருக்கலாம். பயிற்சியால் பாரம் குறையும், ஆனால் எந்த அளவு இறக்கம், அதைத் தாங்க உள்ளே வளையம் வைக்க வேண்டுமா என்பதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், மாதவிடாய் நின்றபிறகு ரத்தப்போக்கு ஆகியவற்றுக்குப் பயிற்சியைத் தொடாமல் மருத்துவரிடம் போங்கள். பிரசவத்துக்கோ கருப்பை அறுவைச் சிகிச்சைக்கோ பிறகு இருமல், தும்மல் எதுவும் இல்லாமல் சதா நேரமும் ஈரமாகவே இருந்தால் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்திருக்கலாம், அதைப் பயிற்சி மூடாது. முதுகுவலியோடு திடீரென்று இரண்டு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போய், சிறுநீரும் வராமல் நின்றுவிட்டால் அது அவசரம், அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்கள் மருத்துவர் இவற்றையெல்லாம் இல்லையென்று பார்த்துவிட்டார் என்றே வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் சொல்வது, ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை சுருக்கம், ஒரு நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். ஒவ்வொரு முறையும் எத்தனை விநாடி தாங்க முடிகிறதோ அத்தனை, மெல்ல மெல்லப் பத்து விநாடி வரை. அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்த வேண்டும், தளர்த்துவதும் பயிற்சிதான். முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. கடைசியில் தேயிலைச் சரிவில் நின்றுகொண்டே செய்யப் பழக வேண்டும், ஏனென்றால் உங்களுக்குக் கசிவது கட்டிலில் அல்ல, சரிவில். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள், சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகும். இன்னொரு பழக்கம் சீக்கிரமே கைகொடுக்கும்: இருமல் வரும் என்று தெரிந்த கணமே முதலில் இறுக்கி, இறுக்கத்தை விடாமல் இருமுவது. 1998இல் அமெரிக்காவில் வயதான பெண்களுக்கு இதை ஒரே வாரம் பழக்கியபோதே இருமலில் கசிவது வெகுவாகக் குறைந்தது. தசை பலப்படுவதற்கு முன்பே பலன் தெரியக் காரணம், இது நேரத்தைக் கணிக்கும் திறமை. மூட்டைக்கும் அப்படியே. இறுக்கி, வாய்வழியாக மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள், மூச்சைப் பிடித்துத் தூக்காதீர்கள். முழு மூட்டையைத் தலையில் ஏற்றும்போது பக்கத்தில் ஒருவரைக் கைகொடுக்கக் கூப்பிடுங்கள். இந்த மூன்று மாதமாவது பாரத்தை இரண்டு நடையாகப் பிரித்துக்கொண்டு போக முடிந்தால் நல்லது.

மலைக்கே உரிய சில தொல்லைகளையும் சொல்ல வேண்டும். குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடலின் உள்பக்கம் திரள்வதால் சிறுநீர் கூடுதலாக ஊறும். அதோடு குளிருக்காகக் குடிக்கும் தேநீரில் உள்ள காஃபின் பையைத் தூண்டும். தேநீர் ஊரில் இருந்துகொண்டு தேநீரை விடச் சொல்வது கடினம் என்று எனக்குத் தெரியும். காலை ஒன்று, மாலை ஒன்று என்று குறைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குறைக்கவே குறைக்காதீர்கள். தோட்டத்தில் ஒதுங்க இடம் இல்லை என்று காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இலை எடுக்கும் பெண்களைத் தினமும் பார்க்கிறேன். அடர்ந்த சிறுநீர் பையை எரிச்சலூட்டும், தொற்று வரும், மலச்சிக்கலும் வரும். மலச்சிக்கலில் முக்குவது நாம் பலப்படுத்தப் பார்க்கும் அதே தசையைத் தினமும் கீழே தள்ளுகிறது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே கழிப்பிடங்கள் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இன்றும் சரிவின் நடுவில் நிற்கும் பெண்ணுக்கு எட்டும் தூரத்தில் அது இருப்பதில்லை. எந்தப் பயிற்சியும் அந்தக் குறையை ஈடுகட்டாது என்பதை நான் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மழைக் காலத்தில் துவைத்த துணி காயாமல் ஈரத்தோடு உடுத்துவதால் தொடை இடுக்கில் புண் வரும். கசிவுக்கு வைக்கும் பஞ்சுப் பட்டையை (பேட்) அடிக்கடி மாற்றுங்கள், துணியானால் அடுப்பருகே முழுதாகக் காயவைத்த பிறகே உடுத்துங்கள்.

மானம், மறைவு பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. இந்தச் சிகிச்சைக்கு நீங்கள் கேமரா முன் உடையைக் கழற்ற வேண்டியதே இல்லை. கழற்றச் சொன்னாலோ, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாலோ, அழைப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்றாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். போன் வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் எழுத்துச் செய்திகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். லைன் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. அதற்காக என் கேள்விகளையெல்லாம் "ஆம்", "இல்லை", அல்லது ஓர் எண் என்று பதில் சொல்லும்படியாகவே அமைத்துக்கொள்கிறேன். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டால் பக்கத்து அறைக்கு எதுவும் புரியாது. சிக்னல் பற்றியும் கவலை வேண்டாம். முதல் இரண்டு அழைப்புகளுக்குத்தான் படம் தெளிவாக வேண்டும், பிறகு சாதாரணக் குரல் அழைப்பே போதும்.

பணம் கட்டும் முன் அவரிடம் இவற்றைக் கேளுங்கள்: பிசியோதெரபியில் பட்டம் பெற்றவரா, பெண்களின் இடுப்புத்தளச் சிகிச்சையில் தனியே பயிற்சி பெற்றாரா, நேரில் சோதித்த மருத்துவரின் குறிப்பைக் கேட்டு வாங்கிப் பார்ப்பாரா, பலன் இல்லையென்றால் எப்போது மருத்துவரிடம் திருப்பி அனுப்புவார். மருத்துவர் குறிப்பு தேவையில்லை, எல்லோருக்கும் ஒரே பயிற்சிதான் என்பவரிடம் போகாதீர்கள். மூன்று மாதப் பணத்தையும் மொத்தமாக முன்பே கொடுக்க வேண்டாம், ஒரு மாதம் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். அந்த ஒரு நேர்முகச் சோதனை பாக்கி என்றால் அதற்காகக் கோவை வரை இறங்க வேண்டியதில்லை. கோத்தகிரி அரசு மருத்துவமனையிலோ, குன்னூர் லாலி மருத்துவமனையிலோ, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மகப்பேறு மருத்துவரிடம் போய், "இடுப்புத்தளத் தசையைச் சரியாகச் சுருக்குகிறேனா என்று விரலால் பார்த்துச் சொல்லுங்கள்" என்று இதே சொற்களில் கேளுங்கள். சில நிமிடங்கள்தான் ஆகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட்கள் பெரும்பாலும் பக்கவாதம், முதுமை ஆகியவற்றைப் பார்ப்பவர்கள். இருந்தாலும் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வையுங்கள், பெண் பிசியோதெரபிஸ்ட் யாராவது இதைக் கற்றிருக்கலாம்.

தொடங்கும் முன் மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: எத்தனை மணிக்குச் சிறுநீர் போனீர்கள், எவ்வளவு (அளவுக்கோடு போட்ட ஒரு டம்ளரை இதற்கென்றே ஒதுக்குங்கள்), எப்போது கசிந்தது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன குடித்தீர்கள். சமையலறைத் தராசு இருந்தால் ஒரு முழு நாள் உபயோகித்த பட்டைகளை மூடிய பையில் வைத்து நிறுத்து, உலர்ந்த எடையைக் கழியுங்கள். ஒரு கிராம் கூடியிருந்தால் ஏறத்தாழ ஒரு மில்லி கசிந்திருக்கிறது. ஆறாவது வாரத்திலும் பன்னிரண்டாவது வாரத்திலும் இதையே திரும்பச் செய்யுங்கள். ஆறாவது வாரத்தில் பெரிய மாற்றம் இல்லையென்றாலும் விட்டுவிடாதீர்கள், தசை தடிக்க நாளாகும். பன்னிரண்டாவது வாரத்திலும் எடை குறையவே இல்லை என்றால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடமே திரும்பப் போங்கள்.